நம்மைப் பற்றி நாமே எழுதலாமா? விக்கிப்பீடியாவின் நலமுரண் விதிகள்: புதியவருக்கான முழு வழிகாட்டி

விக்கிப்பீடியாவில் நான் முதன்முதலில் தொடங்கிய கட்டுரை அரை மணி நேரம்கூடத் தாங்கவில்லை. அப்போது வேலை பார்த்த நிறுவனத்தைப் பற்றி, அதன் இணையதளத்தில் இருந்த "எங்களைப் பற்றி" பக்கத்தை அங்கங்கே மாற்றி எழுதிப் போட்டிருந்தேன். திரும்ப வந்து பார்த்தால் கட்டுரையைக் காணோம். என் பயனர் பேச்சுப் பக்கத்தில் மட்டும் ஒரு நீளமான செய்தி. அதில் "நலமுரண்" என்ற சொல்லைப் பார்த்ததும் திருட்டில் மாட்டிக்கொண்டது போலக் கூசிப்போனேன். பதிலுக்கு நான் எழுதியது அதைவிட மோசம்: "நான் எழுதியதில் ஒரு பொய்கூட இல்லை." பொய் என்று அங்கே யாருமே சொல்லியிருக்கவில்லை!

புதியவர்கள் வழுக்கும் இடம் இதுதான். நலமுரண் என்று சொன்னால், எழுதியது யார், அவருக்கும் எழுதப்பட்ட பொருளுக்கும் என்ன உறவு என்று கேட்கிறார்கள், அவ்வளவுதான். மகன் ஆடும் போட்டிக்கு அப்பாவே நடுவராக நின்றால் எப்படி இருக்கும்? அவர் நூறு சதவீதம் நேர்மையானவராகவே இருக்கட்டும். விசிலை வேறொருவர் கையில் கொடுத்துவிட்டால் அவருக்கும் நிம்மதி, பார்ப்பவர்களுக்கும் நிம்மதி. விக்கிப்பீடியாவின் விதிகள் எல்லாம் அந்த விசிலை எப்படிக் கைமாற்றுவது என்பதைப் பற்றியவைதான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விக்கிப்பீடியா ஒவ்வொரு மொழியிலும் தனித்தனிச் சமூகம்; நடைமுறைகளில் வேறுபாடு உண்டு. ஆங்கில விக்கிப்பீடியாவில் இதற்கென்றே வார்ப்புருக்கள் (பக்கத்தில் இடும் ஆயத்தக் குறிப்புகள்), அறிவிப்புப் பலகைகள், வரைவு வரிசைகள் என்று பெரிய ஏற்பாடு இருக்கிறது. தமிழ் விக்கிப்பீடியா சின்னக் குடும்பம். கட்டுரையைப் பற்றி விவாதிக்கும் பேச்சுப் பக்கத்தில் எழுதிவிட்டு, எல்லோரும் கூடிப் பேசும் பொதுப் பக்கமான ஆலமரத்தடியில் ஒரு வார்த்தை சொன்னாலே பெரும்பாலும் போதும். அடிப்படை எங்கும் ஒன்றே.

படி 1: உங்களுக்கு நலமுரண் இருக்கிறதா?

உங்களைப் பற்றி, குடும்பத்தைப் பற்றி, நண்பரைப் பற்றி, முதலாளியைப் பற்றி, வாடிக்கையாளரைப் பற்றி, நீங்கள் பொறுப்பில் இருக்கும் சங்கத்தைப் பற்றி எழுதினால் இருக்கிறது. நீங்கள் எழுதிய புத்தகம், நீங்கள் முதலீடு செய்த தொழில், நீங்கள் வழக்குப் போட்டிருக்கும் ஆள், இவையும் சேர்த்திதான். கடைசியாகச் சொன்னதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பிடிக்காதவரைப் பற்றி எழுதுவதும் நலமுரணே. போட்டி நிறுவனத்தின் கட்டுரையில் போய் அதன் ஊழல் செய்திகளை மட்டும் அக்கறையாகச் சேர்ப்பவருக்கும் இதே விதிதான்.

எல்லா உறவும் இதில் வராது. இயற்பியல் பேராசிரியர் இயற்பியல் கட்டுரையைத் திருத்தலாம். தாராளமாகத் திருத்த வேண்டும், அவரைப் போன்றவர்கள்தான் தேவை. அவரே தன் பல்கலைக்கழகத்தைப் பற்றிய கட்டுரையைத் திருத்தும்போது கதை மாறுகிறது. ஒரு நடிகரின் ரசிகர் என்பதற்காக மட்டும் நலமுரண் வந்துவிடாது. ரசிகர் மன்றத்தின் பொறுப்பாளர் என்றால் வந்துவிடும்.

தீர்மானிக்க முடியவில்லையா? உங்கள் திருத்தத்தைப் படித்தவருக்கு அப்புறம் ஒரு நாள் உங்கள் உறவு தெரியவந்தால், "முன்பே சொல்லியிருக்கலாமே" என்று நினைப்பாரா? நினைப்பார் என்றால் சொல்லிவிடுங்கள்.

படி 2: காசு கைமாறுகிறதா என்று தனியாகப் பாருங்கள்

நலமுரண் வழிகாட்டல் பெரும்பாலும் அறிவுரை மொழியில் பேசும். காசு வந்துவிட்டால் தொனி மாறிவிடும். விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளை 2014 ஜூனில் தன் பயன்பாட்டு விதிமுறைகளிலேயே ஒரு நிபந்தனையைச் சேர்த்தது: கூலி பெற்றோ கூலியை எதிர்பார்த்தோ திருத்துகிறவர், தன் முதலாளி யார், வாடிக்கையாளர் யார், தனக்குள்ள தொடர்பு என்ன என்பதை அறிவித்தே ஆக வேண்டும். இதில் விருப்பத்துக்கு இடமில்லை. கூலி என்றால் பணம் மட்டுமல்ல. பொருளாகவோ சேவையாகவோ கிடைத்தாலும் கூலிதான்.

"எனக்குச் சம்பளம் வேறு வேலைக்கு, விக்கிப்பீடியாவுக்கு யாரும் தனியாகத் தரவில்லையே" என்பது வழக்கமாக வரும் சமாதானம். நிறுவனத்தின் விளம்பரமோ மக்கள் தொடர்போ உங்கள் வேலையாக இருந்து, அதே நிறுவனத்தைப் பற்றி எழுதினால், ஆங்கில விக்கிப்பீடியா உங்களைக் கூலி பெறும் பயனராகவே எடுத்துக்கொள்ளும்.

இந்த நிபந்தனை சும்மா வந்துவிடவில்லை. 2013இல், பணம் வாங்கிக்கொண்டு கட்டுரை எழுதித் தந்த விக்கி-பிஆர் என்ற நிறுவனத்தோடு தொடர்புடையவை என்று 250க்கும் மேற்பட்ட கணக்குகள் தடை செய்யப்பட்டன. அறக்கட்டளை அந்த நிறுவனத்துக்கு வழக்கறிஞர் கடிதமே அனுப்பியது. அதற்கு அடுத்த ஆண்டுதான் இந்தத் திருத்தம்.

படி 3: ஒரு ஆள், ஒரு கணக்கு, ஒழுங்கான பெயர்

நிறுவனத்தின் பெயரையே பயனர் பெயராக வைக்காதீர்கள். ஒரு கணக்கை ஓர் ஆள்தான் பயன்படுத்தலாம். அலுவலகத்தில் நாலு பேர் மாறி மாறி நுழையும் பொதுக் கணக்குக்கு அனுமதி கிடையாது. நிறுவனப் பெயர் மட்டும் தெரிந்தால் அது பொதுக் கணக்கு என்றோ விளம்பரம் என்றோ தோன்றும், ஆங்கில விக்கிப்பீடியாவில் தடை வரக்கூடும். உங்கள் சொந்தப் பெயரோ புனைபெயரோ போதும்.

இரண்டாவது கணக்கு திறந்து, முதல் கணக்குக்கு ஆதரவாகத் தலையாட்ட வைக்கும் யோசனை வந்தால் அப்படியே கைவிடுங்கள். அதற்குக் கைப்பாவைக் கணக்கு என்று பெயர். சக ஊழியர்களையும் நண்பர்களையும் அழைத்துவந்து "ஆமாம் ஆமாம்" சொல்ல வைப்பதும் அதே வகைத் தப்புதான். புகுபதியாமல், அதாவது கணக்கில் நுழையாமல், திருத்தினால் யாருக்கும் தெரியாது என்பதும் பழைய நப்பாசை. 2007இல் விக்கிஸ்கேனர் என்ற ஒரு கருவி, பெயரில்லாத் திருத்தங்களின் ஐபி முகவரிகளை நிறுவனங்களோடு பொருத்திக் காட்டியது. எந்தெந்த அலுவலகக் கணினியிலிருந்து எந்தெந்தக் கட்டுரையின் விமர்சனப் பத்தி காணாமல் போனது என்று செய்தித்தாள்கள் வாரக்கணக்கில் எழுதித் தீர்த்தன. திருத்த வரலாறு அழியாது, நண்பர்களே.

படி 4: அறிவியுங்கள்

இதைத்தான் எல்லோரும் பெரிய மலையாக நினைக்கிறார்கள். ஐந்து நிமிட வேலை. உங்கள் பயனர் பக்கத்தைத் திறந்து, தொகு என்பதை அழுத்தி, சாதாரண மொழியில் எழுதுங்கள்:

"நான் இன்ன நிறுவனத்தில் தகவல் தொடர்புப் பிரிவில் வேலை செய்கிறேன். அந்த நிறுவனம் தொடர்பான கட்டுரைகளில் எனக்கு நலமுரண் உண்டு. அவற்றை நேரடியாகத் திருத்தாமல் பேச்சுப் பக்கத்தில் கோரிக்கை வைப்பேன். மற்ற கட்டுரைகளில் நான் செய்யும் திருத்தங்கள் என் சொந்த விருப்பத்தில் செய்பவை."

அந்தக் கடைசி வரி முக்கியம். விக்கிப்பீடியாவில் பங்களிக்க உங்களுக்கு வேறு ஆயிரம் தலைப்புகள் இருக்கின்றன. நலமுரண் ஒரு மூலையில்தான். ஆங்கில விக்கிப்பீடியாவில் கூலி பெறுபவர்களுக்கென்று "பெய்டு" (paid) என்ற வார்ப்புரு இருக்கிறது, அதை இட்டு முதலாளி, வாடிக்கையாளர் பெயர்களை நிரப்பினால் போதும். பயனர் பக்கத்தில் அறிவிக்கலாம், அந்தக் கட்டுரையின் பேச்சுப் பக்கத்தில் அறிவிக்கலாம், திருத்தத்தைச் சேமிக்கும்போது எழுதும் ஒருவரிக் குறிப்பான திருத்தச் சுருக்கத்தில் அறிவிக்கலாம். விதிமுறைப்படி மூன்றில் ஒன்று போதும். நான் முதல் இரண்டையும் செய்யச் சொல்வேன். உங்கள் பயனர் பக்கத்துக்கு யாரும் வரமாட்டார்கள். சண்டை நடக்கும் இடம் பேச்சுப் பக்கம்.

அறிவித்துவிட்டால் எதையும் எழுதிக்கொள்ளலாம் என்று அர்த்தமில்லை. அது அனுமதிச் சீட்டு கிடையாது.

படி 5: எதை நேரடியாகத் தொடலாம்?

எழுத்துப்பிழை, இலக்கணப் பிழை, செத்துப்போன இணைப்பு, அப்பட்டமான கிறுக்கல். இவற்றை நீங்களே சரிசெய்யலாம், யாரும் கோபிக்கப் போவதில்லை. உயிரோடிருக்கும் ஒருவரைப் பற்றி ஆதாரமே இல்லாமல் எழுதப்பட்ட அவதூறையும் நீக்கலாம். வாழும் நபர்கள் பற்றிய கொள்கை அதை அனுமதிக்கிறது. நீக்கும்போது திருத்தச் சுருக்கத்தில் நீங்கள் யார், ஏன் நீக்குகிறீர்கள் என்று எழுதிவிடுங்கள்.

விருதுகளைச் சேர்ப்பது, விமர்சனத்தைச் "சமநிலைப்படுத்துவது", முதல் பத்தியை மெருகேற்றுவது எல்லாம் இந்தப் பட்டியலில் இல்லை. யாராவது மறுக்க வாய்ப்புள்ள எதையும் அடுத்த படிக்கு அனுப்புங்கள்.

படி 6: திருத்தக் கோரிக்கை எழுதும் கலை

நலமுரண் உள்ளவரின் திறமை எல்லாம் இங்கேதான் வேண்டும். கோரிக்கை வைத்துவிட்டு வாரக்கணக்கில், சில நேரம் மாதக்கணக்கில் காத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தாமதத்துக்குக் கோரிக்கை எழுதிய விதமும் ஒரு காரணம். அடிக்கடி கண்ணில் படும் வகை இது:

"கட்டுரையில் எல்லாம் பழைய தகவலாக இருக்கிறது. எங்கள் இணையதளத்தைப் பார்த்து உடனடியாகச் சரிசெய்யவும்."

இதைப் படிக்கும் தன்னார்வலர் என்ன செய்வார்? எது பழையது என்று அவரே தேட வேண்டும், புதியது என்ன என்று அவரே கண்டுபிடிக்க வேண்டும், சான்றும் அவரே திரட்ட வேண்டும். சம்பளம் உங்களுக்கு, வேலை அவருக்கு. அவர் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார். இப்படி எழுதிப் பாருங்கள்:

"வணக்கம். இந்தக் கட்டுரை சொல்லும் நிறுவனத்தில் நான் வேலை செய்கிறேன். பயனர் பக்கத்தில் அறிவித்திருக்கிறேன்.
இடம்: 'வரலாறு' பகுதி, இரண்டாம் பத்தி, முதல் வரி.
இப்போது உள்ளது: '2016 முதல் தலைமை வகிக்கிறார்.'
கோரும் மாற்றம்: '2016 முதல் 2023 வரை தலைமை வகித்தார்.'
காரணம்: அவர் பதவி விலகிவிட்டார்.
சான்று: நாளிதழின் பெயர், செய்தித் தலைப்பு, தேதி, இணைப்பு."

இதைச் சரிபார்க்க அவருக்கு இரண்டு நிமிடம் ஆகும். இணைப்பைத் திறப்பார், பார்ப்பார், வெட்டி ஒட்டுவார். ஆங்கில விக்கிப்பீடியாவில் கோரிக்கையின் தலையில் "எடிட் சிஓஐ" (edit COI) என்ற வார்ப்புருவை இட வேண்டும். அப்போதுதான் அது காத்திருப்போர் வரிசைக்குள் போகும். வார்ப்புரு இல்லாத கோரிக்கை, கிணற்றுக்குள் இருந்து கூப்பிடுவது போல.

இன்னும் சில பழக்கங்கள். ஒரு கோரிக்கையில் ஒரு விஷயம் மட்டும் வையுங்கள். பத்து மாற்றங்களை ஒரே மூட்டையாகக் கட்டினால், அதில் ஒன்று சந்தேகத்துக்குரியதாக இருந்தாலும் மூட்டை முழுவதும் திரும்பிவிடும். எளிதான, யாரும் மறுக்க முடியாத திருத்தத்தை முதலில் கொடுங்கள். உங்கள் பெயர் நம்பிக்கைக்குரியது என்று ஆன பிறகு சிக்கலானதைக் கொண்டுவாருங்கள். கட்டுரையில் இல்லாத, ஆனால் செய்தித்தாளில் வந்த, உங்களுக்குப் பிடிக்காத ஒரு உண்மையையும் நீங்களே சேர்க்கச் சொல்லிப் பாருங்கள். இதைச் செய்பவர்கள் அபூர்வம். செய்தவரின் அடுத்த கோரிக்கையை வேறு கண்ணோடு படிப்பார்கள்.

சான்றைப் பற்றியும் இங்கேயே சொல்கிறேன். உங்கள் இணையதளம், பத்திரிகைக் குறிப்பு, பணம் கொடுத்து வெளியிட்ட சிறப்பிதழ், உங்கள் தலைவரின் நேர்காணல், இவை எல்லாம் உங்கள் வாயிலிருந்து வந்தவையே. நிறுவப்பட்ட ஆண்டு, தலைமையக முகவரி போன்ற சாதாரண விவரத்துக்கு ஒத்துக்கொள்வார்கள். "மிகப் பெரிய", "முதல்" என்று எதையாவது சொல்ல வேண்டுமானால், உங்களோடு தொடர்பில்லாத, ஆசிரியர் குழு உள்ள வெளியீடு அதைச் சொல்லியிருக்க வேண்டும். அலுவலகத்தில் உட்கார்ந்து கண்ணால் பார்த்த உண்மை உங்களுக்கு உண்மைதான். படிப்பவர் சரிபார்க்க முடியாது என்றால் அதற்கு இங்கே இடமில்லை.

படி 7: உங்கள் வாக்கியத்திலுள்ள சர்க்கரையை எடுங்கள்

பாசம் உள்ளவர் எழுத்தில் அடைமொழி தானாக ஒட்டிக்கொள்ளும். நாம் வாழ்த்து மடல்களிலும் விழா மேடைகளிலும் வளர்ந்தவர்கள் வேறு. "தரத்தில் சமரசம் செய்துகொள்ளாமல், தொலைநோக்குச் சிந்தனையோடு, முன்னணி நிறுவனமாக உயர்ந்து நிற்கிறது." இதிலிருந்து சரிபார்க்கக்கூடிய ஒரு தகவலை எடுத்துக் காட்டுங்கள் பார்க்கலாம். ஒன்றும் கிடைக்காது. "2009இல் தொடங்கப்பட்டது. மருத்துவமனைகளுக்கான மென்பொருளைத் தயாரிக்கிறது" என்றால் தகவல் இருக்கிறது.

எழுதி முடித்ததும் "புகழ்பெற்ற", "தலைசிறந்த", "அயராது", "தனக்கென ஓர் இடம்", "பன்முகத் திறமை" ஆகியவற்றைத் தேடி அடித்துவிடுங்கள். "திரு", "ஐயா", "அவர்கள்" போன்ற மரியாதை ஒட்டுகளுக்கும் கலைக்களஞ்சிய நடையில் வேலை இல்லை. அப்பாவைப் பற்றி எழுதும்போது "அவர்கள்" போடாமல் கை வராது; அதுவே அந்தக் கட்டுரையை வேறொருவர் எழுத வேண்டும் என்பதற்கு நல்ல அத்தாட்சி.

படி 8: புதிய கட்டுரை வேண்டுமென்றால்

கட்டுரை உண்மையிலேயே வேண்டுமா என்று ஒரு முறை யோசியுங்கள். அது உங்கள் முகப்புப் பக்கம் ஆகாது. நாளைக்கு உங்கள் நிறுவனம் ஒரு வழக்கில் தோற்றால் அந்தச் செய்தியும் அங்கே ஏறும். "எங்கள் கட்டுரை, எடுத்துவிடுங்கள்" என்று கேட்டால் எடுக்கமாட்டார்கள். தேடுபொறியில் மேலே வரலாம் என்ற கணக்கும் பலிக்காது. 2007 முதல் விக்கிப்பீடியாவின் வெளியிணைப்புகளில் தேடுபொறிகள் பொருட்படுத்தக் கூடாது என்ற குறி போடப்பட்டிருக்கிறது.

அதற்குப் பிறகும் வேண்டுமென்றால், குறிப்பிடத்தக்கமையை, அதாவது தனிக் கட்டுரைக்குரிய தகுதியை, சோதியுங்கள். தொடர்பில்லாத, நம்பகமான வெளியீடுகள் உங்களைப் பற்றி விரிவாக எழுதியிருக்கின்றனவா? பெயர் மட்டும் வந்து போன செய்திகள் கணக்கில் வராது. எண்ணிப் பார்க்கும்போது இரண்டு மூன்று நல்ல கட்டுரைகள்கூடத் தேறவில்லை என்றால் இப்போதைக்கு விட்டுவிடுங்கள். எவ்வளவு நன்றாக எழுதினாலும் அந்தக் குறையை எழுத்தால் நிரப்ப முடியாது.

தேறினால், ஆங்கில விக்கிப்பீடியாவில் வரைவுப் பகுதியில் எழுதிப் பரிசீலனைக்கு அனுப்ப வேண்டும். திருப்பி அனுப்பினால் இரண்டு வகை உண்டு: "டிக்லைன்டு" என்றால் திருத்தி மறுபடி அனுப்பலாம், "ரிஜெக்டட்" என்றால் கதை முடிந்தது. ஆறு மாதம் யாரும் தொடாத வரைவு நீக்கப்படலாம். தமிழ் விக்கிப்பீடியாவில் உங்கள் மணல்தொட்டியில், அதாவது எழுதிப் பழகும் சொந்தப் பக்கத்தில், எழுதிவைத்து, அனுபவமுள்ள பயனர் ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

உங்கள் இணையதள வாசகத்தை மட்டும் ஒட்டிவிடாதீர்கள். அது உங்கள் நிறுவனத்தின் சொத்தாகவே இருந்தாலும், கட்டற்ற உரிமத்தில் வெளியிடப்படாதவரை காப்புரிமை மீறல்தான். நான் அன்று செய்தது இதே தப்பு. விளம்பரம், காப்புரிமை என்று ஒரே நேரத்தில் இரண்டு காரணங்களைக் கையில் கொடுத்துவிட்டேன்.

படம் கொடுப்பது நல்ல உதவி. ஆனால் படத்தின் உரிமை பொதுவாக எடுத்தவருக்கே. படத்தில் இருப்பவருக்கு இல்லை. புகைப்படக்காரரின் அனுமதியோடு, விக்கிமீடியாவின் கட்டற்ற படக் களஞ்சியமான பொதுவகத்தில் ஏற்றுங்கள்.

படி 9: மறுத்துவிட்டால்

மீண்டும் அதையே போடாதீர்கள். 24 மணி நேரத்துக்குள் ஒரே பக்கத்தில் மூன்று முறைக்கு மேல் மீளமைத்தால் (மற்றவர் செய்த மாற்றத்தை அழித்துப் பழையபடி ஆக்கினால்) ஆங்கில விக்கிப்பீடியாவில் தடை வரும். நலமுரண் உள்ளவருக்கு அந்த மூன்று வரைகூடப் பொறுமை காட்டமாட்டார்கள். என்ன குறை என்று கேளுங்கள், வேறு சான்று கொண்டுவாருங்கள், மூன்றாவது ஒருவரின் கருத்தைக் கேளுங்கள். "வழக்குப் போடுவேன்" என்று எழுதினால், மிரட்டலைத் திரும்பப் பெறும்வரை கணக்கு முடங்கும்.

ஏற்கெனவே மறைத்துத் திருத்தியவரா? இப்போது அறிவியுங்கள். எந்தெந்தக் கட்டுரை என்று பட்டியல் போட்டுப் பேச்சுப் பக்கத்தில் சொல்லுங்கள். தானாக வந்து சொன்னவரையும் பிடிபட்டவரையும் அங்கே ஒரே மாதிரி நடத்துவதில்லை. விக்கிப்பீடியாவை நிறுவியவர்களில் ஒருவரான ஜிம்மி வேல்ஸே 2005இல் தன்னைப் பற்றிய கட்டுரையைத் தானே திருத்தி, செய்தியாகி, அப்புறம் வருத்தம் தெரிவித்தவர்.

மற்றவர் மறைத்துத் திருத்துவதாகச் சந்தேகம் வந்தால், அவர் பெயரையோ வேலை பார்க்கும் இடத்தையோ வெளியில் தேடி எடுத்துப் போட்டுடைக்காதீர்கள். ஆளை அம்பலப்படுத்துவது நலமுரணைவிடப் பெரிய குற்றம். முதலில் அவரிடமே கேளுங்கள். பதில் இல்லை என்றால் நலமுரண் பற்றிய அறிவிப்புப் பலகையில், திருத்தங்களை மட்டும் காட்டிப் பேசுங்கள்.

படி 10: வரைவு திரும்பிய மறுநாள் வரும் மின்னஞ்சல்

"நான் விக்கிப்பீடியா நிர்வாகி. உங்கள் வரைவு நிராகரிக்கப்பட்டதைப் பார்த்தேன். சின்னக் கட்டணத்தில் வெளியிட்டுத் தருகிறேன், நீக்காமல் காவலும் காக்கிறேன்." இப்படி ஒன்று வந்தால் பதில் போடாதீர்கள். 2015இல் ஆரஞ்சுமூடி என்ற பெயரில் அறியப்பட்ட விசாரணையில் 381 கணக்குகள் தடை செய்யப்பட்டன; 210 கட்டுரைகள் நீக்கப்பட்டன. அந்தக் கும்பல் திருப்பி அனுப்பப்பட்ட வரைவுகளைத் தேடிப் பிடித்து, சம்பந்தப்பட்டவர்களிடம் காசு கேட்டது. வெளியான பிறகு காவலுக்கு மாதக் கட்டணமும் கேட்டது. உண்மையான நிர்வாகி எவரும் கட்டுரைக்குக் காசு கேட்கமாட்டார். மின்னஞ்சலை அழித்துவிடாமல், இத்தகைய மோசடிகளைத் தெரிவிக்க விக்கிப்பீடியா வைத்திருக்கும் முகவரிக்கு அப்படியே அனுப்புங்கள்.

என் முதல் கட்டுரையின் கதை? அந்த நீளமான செய்தியை எழுதியவரிடமே பிறகு உதவி கேட்டேன். நிறுவனத்தைப் பற்றி வெளியார் எழுதிய செய்திகளைத் தேடித் தரச் சொன்னார். தேடினேன், ஒன்றுதான் கிடைத்தது, அதுவும் நாலு வரி. கட்டுரை இன்றுவரை இல்லை. அந்தத் தேடலின்போது கண்ணில் பட்ட வேறொரு கட்டுரையில் ஆண்டு தப்பாக இருந்தது. அந்த நிறுவனத்தோடு எனக்கு எந்த ஒட்டும் உறவும் இல்லை. தொகு என்பதை நானே அழுத்தினேன்.